கொசுத் தேனீயா, அடுக்குத் தேனீயா?

வீட்டில் வளர்க்க எது நல்லது? தேன்தான் குறி என்றால் பேச்சே இல்லை, அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீதான். நல்ல பருவத்தில் ஒரு பெட்டி சில கிலோ தரும். கொசு போலச் சிறிய கொசுத் தேனீ ஆண்டு முழுக்க உழைத்தாலும் சில நூறு கிராம்தான். அதுவும் சற்றுப் புளிக்கும், தண்ணீராக ஓடும்.

ஆனால் கூட்டின் அழகுக்கு என் ஓட்டு கொசுத் தேனீக்கே. பழைய சுவரின் விரிசலில் விரல் தடிமனில் ஒரு பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் வாசல். விளிம்பில் காவல்காரிகள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே அறுகோண அடைகள் கிடையாது. மெழுகும் பிசினும் குழைத்துச் செய்த குட்டிப் பானைகளில் தேனும் மகரந்தமும் தனித்தனியே இருக்கும். புழு அறைகள் கொத்தாக வேறு பக்கம். அறையில் உணவை நிரப்பி, ராணி முட்டையிட்டதும் மூடிவிடுவார்கள். அடுக்குத் தேனீயோ புழு வளர வளர ஊட்டிக்கொண்டே இருக்கும்.

கொசுத் தேனீக்குக் கொடுக்கு பயன்படாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. கோபம் வந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று: தீனி குறைந்தால் அடுக்குத் தேனீ ஒரே நாளில் பெட்டியைக் காலி செய்துவிடும். கொசுத் தேனீயின் முட்டையிடும் ராணிக்கு வயிறு பருத்துப் பறக்கவே முடியாது; எனவே குடும்பம் அங்கேயே கிடக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு, ஒரு மூங்கில் துண்டில் கொசுத் தேனீ போதும்.