ஓட்டல் விருந்தா, மொய் விருந்தா? வீடு கட்ட நிதி திரட்டிய இரண்டு வழிகள்

ஏழைக் குடும்பங்களின் வீட்டு வேலைக்காக எங்கள் சிறிய அறக்கட்டளை இரண்டு முறை விருந்து வைத்து நிதி திரட்டியது. முதல் முறை திருச்சியில் ஓர் ஓட்டல் அரங்கில் நுழைவுச்சீட்டு விற்று நடத்தினோம். அடுத்த முறை, பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தின் முறையிலேயே, சாப்பிட வருபவர்கள் நோட்டில் மொய் எழுதிப் பணம் கொடுக்கும்படி, கறிச்சோறு போட்டோம். இனி ஒரு விருந்து வைப்பதானால் இரண்டாவது வழியில்தான் வைப்பேன்.

பணத்தின் தேவை இதுதான். 2024இல் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் உண்டு. அது வேலை ஏற ஏறத் தவணைகளாக வருவதால், அஸ்திவாரம் தோண்டவும் முதல் லோடு செங்கல் இறக்கவும் வழியில்லாத குடும்பம் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

செலவைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. ஓட்டலில் வராதவருடைய சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டவேண்டும். கிராமத்தில் விறகும் அரிசியும் ஆள்பலமும் ஊரிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஒரே காசோலையில் பெரிய தொகை வருவது ஓட்டல் விருந்தில்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது மொய் நோட்டு. ஓட்டலில் ஒரு நிறுவனம் பத்து நாற்காலி கொண்ட மேசையை மொத்தமாக வாங்கியது. அதில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யார் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. சீட்டு விலையில் சாப்பாட்டின் விலையும் அடங்கியிருப்பதால், கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீதை முழுத் தொகைக்கும் தர எங்கள் தணிக்கையாளர் ஒப்பவில்லை. மொய் நோட்டிலோ தலைப்பெழுத்து, பெயர், ஊர், தொகை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கான்கிரீட் போடும் கட்டத்தில் பணம் முட்டியபோது, அந்த நோட்டோடு ஊர் ஊராகப் போய் மறுபடி கேட்க எங்களால் முடிந்தது. பெயரில்லாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. உண்டியல் வைத்திருந்தால் அந்த வம்பில் மாட்டியிருப்போம். ஒரு குறை: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது, ஆகவே மொய் எழுதுபவருக்குப் பக்கத்திலேயே க்யூஆர் அட்டையும், பான் எண் குறிக்க இன்னொரு நோட்டும் வைக்க வேண்டியிருந்தது.

மொய் விருந்தை நாங்கள் ஒரே ஒரு முறைதான் நடத்தியிருக்கிறோம். 2018 கஜா புயலில் கூரை பறிகொடுத்த வட்டாரம் என்பதால் கூடுதல் இரக்கம் கிடைத்திருக்கலாம். மொய் வழக்கமே இல்லாத நகரத்தில் இது எடுபடும் என்று நான் சொல்லமாட்டேன். அதோடு, அந்த ஊர்களில் மொய் என்பது அடிப்படையில் திரும்பி வரவேண்டிய பணம். ஐந்நூறு ரூபாயை நீட்டிய ஒரு மூதாட்டி, "எங்க வீட்டு விசேஷத்துக்கு யாரு தம்பி வந்து திருப்பிச் செய்வீக?" என்று கேட்டார். "இது திரும்பாது அப்பத்தா, வீடு கட்டப் போகுது" என்றேன். "அப்ப நூறு எழுதிக்க, மிச்சத்தைக் குடு" என்றார். உடனே பந்தல் வாசலில் 'இந்த மொய் திரும்பாது' என்று அட்டையில் எழுதிக் கட்டினோம். அதன் பிறகும் வரிசை குறையவில்லை, தொகைதான் குறைந்தது.