கடற்காற்றில் .32 ரிவால்வர்: கான்பூர் புதுசா, சீமைப் பழசா?

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததுமே ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்தில் கிளம்பும் விவாதம் இது. தனியார் இறக்குமதி 1980களிலேயே அடைபட்டுவிட்டதால், வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போன்ற பழைய சீமை ரிவால்வர்களுக்குக் கேட்கும் விலையில் பாதி பெயருக்குத்தான். புதுசு என்றால் பெரும்பாலும் கான்பூர்த் தயாரிப்பு. நடுவில் மடங்கித் திறக்கும் பழைய .32 மாடல் ஒன்று. 2023இல் வந்த, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' என்ற மாடல் இன்னொன்று.

பழசில் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முத்திரை எழுத்து மங்கி, விளிம்புகள் மழுங்கியிருந்தால் பிறகு பாலிஷ் போட்டு மறுபடி புளூயிங் (துரு தடுக்கும் நீலக்கறுப்புப் பூச்சு) செய்தது. திருகாணித் தலையில் திருப்புளி நழுவிய தழும்பு இருந்தால், யாரோ தெரியாதவர் உள்ளே கை வைத்திருக்கிறார். நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

அறைகள் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பின்னால் உள்ள சுத்தியலான ஹேமரை மெதுவாக இழுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக. ஹேமர் நிற்பதற்கு முன்பே சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் அறை பிந்தினாலும் குண்டு பேரல் வாயில் உரசும், பக்கவாட்டில் ஈயம் தெறிக்கும். நிறுத்திய ஹேமரைக் கட்டைவிரலால் லேசாக முன்னே தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே பிடிமானம் தேய்ந்திருக்கிறது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்தால் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. 0.30ஐத் தாண்டினால் விட்டுவிடலாம். மடங்கும் வகையில் பேரலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீலிலோ மேல்கொக்கியிலோ ஆட்டம் கொடுத்தால் செலவு பெரிது, பலன் சிறிது. பேரலுக்குள் கறுப்பு வளையம் தெரிந்தால், உள்ளே சிக்கிய குண்டின் மேல் அடுத்ததைச் சுட்டு வீங்கியது என்று பொருள்.

தோட்டாவையும் கவனிக்க வேண்டும். பழைய சிறு ரிவால்வர்கள் பல .32 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டாவுக்கு மட்டும் செய்தவை, இன்றைய .32 லாங் என்ற நீளத் தோட்டா அதில் முழுதாக நுழையாது. அறையைக் குடைந்து நீளமாக்கித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

புதுசு என்பதால் இதே சோதனையை விட்டுவிடக் கூடாது. லைசென்ஸில் பதிவதற்கு முன்பே கடையில் நின்று பாருங்கள். பதிந்தபின் திருப்பிக் கொடுப்பது காகித யுத்தம். ட்ரிகர் கரகரப்பு பழகப் பழகக் குறையும், ஆனால் சிலிண்டர் பூட்டு பிந்துவது தானாகச் சரியாகாது.

சுட்டு வெடிக்கவில்லையா? குழாயை இலக்கை நோக்கியே ஒரு நிமிடம் வைத்திருந்து பிறகு திறங்கள். தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் பள்ளம் ஆழமாக இருந்தால் பெரும்பாலும் தோட்டா நமத்தது. மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ச்சி, பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் தேய்மானம், அல்லது உள்ளே காய்ந்த எண்ணெய். முதலில் எண்ணெயைக் கழுவிப் பாருங்கள், பல பழசுகள் அதிலேயே திருந்திவிடும். ஸ்பிரிங் மாற்றுவதென்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர் கடைதான். லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சட்டப்படி தொடக் கூடாது.

எண்ணூர் வரை நம் பக்கத்தில் உண்மையான எதிரி உப்புக்காற்று. தோல் உறையிலேயே வைத்தால் தோல் ஈரம் குடித்துத் துரு ஏறும். கைப்பிடிப் பலகைக்கு அடியில்தான் முதலில் பிடிக்கும், வெளியே தெரியாது. வாரம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்குப் பிடிக்கும்.

தனியாரிடம் பழசு வாங்குவதென்றால் விற்பவர் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். அதற்கு முன் முழுப்பணம் தராதீர்கள். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது வழக்கத்தைவிடக் கனமாக எண்ணெய் பூசி, நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். திரும்ப வந்ததும் பேரலைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே தோட்டா.