4 ஜிபி மடிக்கணினிக்கு இசட்ராமா, இசட்ஸ்வாப்பா?

கிளிநொச்சிப் பக்கம் ஏஎல் (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கொண்டு வருபவை பெரும்பாலும் 4 ஜிபி ராமும் சுழலும் ஹாட் டிஸ்க்கும் உள்ள பழைய மடிக்கணினிகள். லினக்ஸ் போட்டுக் கொடுக்கும்போது, நினைவகம் முட்டினால் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, எங்கே தள்ளுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நான் போடுவது இசட்ராம்.

இரண்டுமே பக்கங்களைச் சுருக்கி ராமிலேயே வைப்பவைதான். இசட்ஸ்வாப் 2013இல் 3.11 கேர்னலோடும், இசட்ராம் 2014இல் 3.14ஓடும் வந்தன. இசட்ஸ்வாப்புக்குப் பின்னால் டிஸ்க்கில் ஒரு ஸ்வாப், அதாவது ராமில் கொள்ளாத பக்கங்களை இறக்கிவைக்கும் இடம், வேண்டும். இடம் நிரம்பினால் பழைய பக்கங்களை அங்கே இறக்கும். இசட்ராமுக்கு டிஸ்க் தேவையில்லை.

சிக்கலே அந்த டிஸ்க்தான். காலிப் பக்கங்கள் குறைந்ததும் கேர்னலின் கேஸ்வாப்டி என்ற வேலையாள் பின்னணியில் விழித்துப் பக்கங்களை மீட்கும். அதனால் ஈடுகொடுக்க முடியாமல் மட்டம் இன்னும் இறங்கினால், நினைவகம் கேட்ட புரோகிராமே நின்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். பிரவுசரில் ஒரு பாடக் காணொளி, கூடவே இரண்டு மூன்று கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப். மவுஸ் அம்பு உறைந்துவிடும், டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும். 5400 சுற்று டிஸ்க்கில் ஹெட் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போய்ச் சேரப் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும். பக்கம் ஒன்று 4 கேபி. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தால் செக்கனுக்கு நூறு பக்கம்கூடத் தேறாது, அதாவது 400 கேபி! சுருக்கிய பக்கத்தை விரிக்கவோ, பழைய சிபியுவுக்கும் சில மைக்ரோசெக்கன் போதும்.

ராமில் பாதியளவு இசட்ராம் கொடுத்து, ஸ்வாப்பினஸை (பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளும் முனைப்பை) வழக்கமான 60இலிருந்து நூறுக்கு மேல் ஏற்றுகிறேன். 5.8 கேர்னலிலிருந்து 200 வரை போகலாம். ஸ்வாப்பிலிருந்து ஒரே தடவையில் எத்தனை பக்கங்களை முன்கூட்டி வாசிப்பது என்று சொல்லும் பேஜ் கிளஸ்டர் 0. டிஸ்க்குக்காக வைத்த முன்வாசிப்பு இங்கே வீண்.

இதிலும் குறை உண்டு. ஹைபர்னேட் செய்ய, அதாவது ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷினை அணைக்க, முடியாது. துணைக்கு டிஸ்க் ஸ்வாப் வைத்தாலும் குளறுபடிதான்: கொட்டிலை உடைந்த சாமான் அடைத்துக்கொள்ள, தினம் எடுக்கும் மண்வெட்டி வயல் மூலையில் கிடப்பதுபோல, பழைய பக்கங்கள் இசட்ராமில் குந்திக்கொள்ளும், புதியவை டிஸ்க்குக்குப் போகும். இசட்ஸ்வாப் இதைச் சரியாகச் செய்கிறது. எஸ்எஸ்டி உள்ள மெஷினுக்கு அதுவே மேல் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படியானவை என் கைக்கு அதிகம் வருவதில்லை, அடித்துச் சொல்லமாட்டேன்.

அப்புறம், இசட்ராம் போடுமுன் இசட்ஸ்வாப் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கங்களை அது நடுவழியில் பிடித்துக்கொள்ளும், இசட்ராம் சும்மா கிடக்கும்.