1951-ஆ, 1957-ஆ? பழைய ஃபோர்டு ரோட்ஸ்டருக்கு எந்த எஞ்சின், எந்தச் சேசிஸ்?

ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் லேத்திலும் போரிங் மெஷினிலும் நின்றவர். அவருடைய கராஜில் ஒரு 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத கார்) பாடி சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. அதை ஹாட் ராட் (எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி வேகத்துக்காகக் கட்டும் பழைய கார்) ஆக்கலாம் என்று இருவரும் முடிவெடுத்த அன்று நான் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேச்செடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் காருக்கு எந்த ஆண்டு?" 1929 என்றேன். "அது பிறந்த ஆண்டு. ஒரு பையன் இதை வாங்கி, சக்கரத்துக்கு மேல் இருக்கும் ஃபெண்டரைக் கழற்றிய ஆண்டு எது?"

அந்தக் கேள்வி எங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. பழைய உதிரிகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அது பாரம்பரிய ஹாட் ராட் ஆகிவிடாது. ஒரே நாளில், ஒரே காயலான் கடையில் ஒரு பையனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய உதிரிகளால் கட்டப்பட்டிருக்க வேண்டும். 1928 முதல் 1931 வரை ஏறக்குறைய 48 லட்சம் மாடல் ஏ கார்கள் தயாராயின. 1930களின் பிற்பகுதியில் அவை அடிமாட்டு விலைக்கு வந்தன. தெற்குக் கலிபோர்னியாவின் பையன்கள் அவற்றை வாங்கி, எடையைக் குறைத்து, முரோக் உலர் ஏரியின் தட்டையான களிமண் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த எஸ்சிடிஏ (தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்) 1937-ல் உருவானது. போருக்குப் பின் எல் மிராஜ் உலர் ஏரி, 1949-ல் பான்வில் உப்புத்தரை என்று அது வளர்ந்தது. வேகத்துக்காகச் செய்ததுதான் பிறகு அழகாகவும் தெரிய ஆரம்பித்தது.

அதனால் எங்கள் ஒப்பீடு ஆண்டில் தொடங்கியது. 1934, 1951, 1957 என மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு எஞ்சின்.

நாலு சிலிண்டர்

மாடல் ஏ-யோடு பிறந்த எஞ்சின் 200.5 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர். 40 குதிரைத்திறன். 1932-ல் வந்த மாடல் பி எஞ்சின் அதே அளவுதான், ஆனால் 50 குதிரைத்திறன், கிராங்கைத் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தாங்கும் மெயின் பேரிங்கும் தடிமன். வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே கொண்டுவரும் ரைலி, க்ரேகர் மேல்வால்வு ஹெட்கள், எட் வின்ஃபீல்டின் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எல்லாம் இந்த எஞ்சினுக்காகப் பிறந்தவை. 1934 தான் உங்கள் ஆண்டு என்றால் இதற்கு ஈடே இல்லை. லேசானது, முன்பக்கம் மெலிவாக அழகாக இருக்கும்.

ஆனால் இதன் பேரிங்குகள் பேபிட் உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்பவை. அதை நன்றாக ஊற்றத் தெரிந்தவர்கள் இன்று குறைவு. அந்தக் கால மேல்வால்வு ஹெட் கிடைப்பதும் அரிது. ஊருக்குள் ஓட்ட இது சரி. நெடுஞ்சாலையில் மற்ற கார்களோடு சேர்ந்து போக வேண்டும் என்ற எங்கள் ஆசைக்கு இது ஒத்துவரவில்லை.

பிளாட்ஹெட் வி8

ஹாட் ராட் என்றதும் மனதில் வருவது இதுதான். 1932 மார்ச்சில் ஃபோர்டு இதை வெளியிட்டபோது வி8, அதாவது எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் எஞ்சின், பணக்காரக் கார்களின் சங்கதி. இரண்டு வரிசைச் சிலிண்டர்களையும் கிராங்க்கேஸையும் ஒரே வார்ப்பாக ஊற்றி, சாமானியர் வாங்கும் காரில் வைத்தார்கள். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். 1946-ல் அது 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன் ஆகியிருந்தது. அமெரிக்க ஃபோர்டு கார்களில் 1953 வரை தொடர்ந்தது.

இதன் வால்வுகள் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். ஹெட் வெறும் தட்டை மூடி, அதனால்தான் இந்தப் பெயர். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வால்வுகள் வி-யின் உள்பக்கம் இருப்பதால், எரிந்த புகை சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்கைக் குறுக்காகக் கடந்து வெளிப்பக்கம் வர வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே வாசல். பிளாட்ஹெட்டின் தனிக் குரலுக்கு அந்தப் பொது வாசலும் ஒரு காரணம். ஆனால் புகையின் சூடு முழுவதும் போகிற வழியில் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. "பிளாட்ஹெட் கொதிக்கும்" என்ற கெட்ட பெயர் வந்தது இப்படித்தான்.

அந்தப் பெயரில் பாதி நியாயமற்றது என்று இப்போது எனக்குத் தெரியும். நாங்கள் வாங்கிய முதல் பிளாக் நல்லது என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. கழுவிவிட்டு, பெரியவர் அதன் நீர்வழிகளுக்குள் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒன்றை டிரில்லில் மாட்டிச் சுழற்றினார். காபித்தூள் நிறத்தில் சேறு வந்தது. துருவோடு, ஃபவுண்டரியில் அச்சுக்கு வைத்த மணலும் ஒரு வளைந்த கம்பித்துண்டும் சேர்ந்து வந்தன. வார்த்த நாளிலிருந்து அந்த மணல் உள்ளேயே இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகத் தண்ணீர் போக வழியில்லாமல் கொதித்த எஞ்சின் அது. அப்புறம் காந்தப்பொடி தூவிப் பார்த்தோம். ஒரு வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை முடி போல ஒரு கோடு. மூன்று இடங்களில் விரிசல். அந்தப் பிளாக் அத்தோடு முடிந்தது. எனவே கழுவி, காந்தச் சோதனை செய்த பிளாக்கைத் தவிர வேறெதற்கும் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பிளாட்ஹெட்டுக்குள்ளேயே இன்னொரு தேர்வும் உண்டு. 1946-48 காலத்தின் 59ஏ, 1949-53 காலத்தின் 8பிஏ. பெரியவர் 8பிஏ கட்சி. அதில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) மற்ற எஞ்சின்களில் போல நிமிர்ந்து நிற்கும், டைமிங் வைப்பது எளிது. 59ஏ-யில் அது கேம் முனையில், எஞ்சினின் முன்பக்கம் தாழ ஒட்டியிருக்கும். கழற்றி மேசையில் ஒரு கருவியில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நான் 59ஏ பக்கம் நின்றேன். அதன் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) மேல்பாதி பிளாக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. பழைய ஃபோர்டு கியர்பாக்ஸ் நேராகப் போய் உட்காரும். 8பிஏ என்றால் அதற்கு வேறு பெல் ஹவுசிங் தேட வேண்டும்.

கடைசியில் இருவரும் ஒத்துப்போனது மெர்க்குரி கிராங்கில். ஃபோர்டு நிறுவனத்தின் இன்னொரு காரான மெர்க்குரியின் 1949-53 கிராங்கு 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கொண்டது. அதற்கேற்ற கனெக்டிங் ராடுகளோடு 59ஏ பிளாக்கிலும் அதைப் போடலாம். அடிபட்ட மெர்க்குரி ஒன்று 1951-ல் காயலான் கடைக்கு வந்திருக்கும்தானே? வந்திருக்கும். அது போதும்.

கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97. மூன்று வைத்தால் பார்க்க இன்னும் கம்பீரம்தான். ஆனால் கேம் பெரிதாக இல்லாத எஞ்சினுக்கு இரண்டே தாராளம், சரிசெய்வதும் எளிது.

செவ்ரலே ஸ்மால் பிளாக்

1955-ல் எட் கோல் தலைமையில் செவ்ரலே வெளியிட்ட 265 கன அங்குல வி8 ஹாட் ராட் உலகத்தையே திருப்பிப் போட்டது. இரட்டைத் துளைக் கார்புரேட்டரோடு 162 குதிரைத்திறன். மேல்வால்வுகள். வால்வை அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு ராக்கரும் தகட்டில் அழுத்திச் செய்த லேசான துண்டு, ஒரு ஸ்டட் மேல் உட்கார்ந்து ஆடும். அதனால் சுழற்சி வேகம் தயங்காமல் ஏறும். மெயின் பேரிங் ஐந்து, பிளாட்ஹெட்டுக்கு மூன்றுதான். எடையோ பிளாட்ஹெட்டை ஒட்டியதுதான். 1957-ல் 283 கன அங்குலம் வந்தபோது, பிளாட்ஹெட்டுக்குக் காசு செலவழிக்க வேகப் பிரியர்களுக்குக் காரணமே இல்லாமல் போனது.

நேர்மையாகச் சொன்னால், எஞ்சினுக்கு எஞ்சின் என்று மட்டும் பார்த்தால் செவ்ரலேதான் மேல். சூடாகாது, விரிசல் பயம் குறைவு, உதிரி எந்த ஊரிலும் கிடைக்கும். வாரம்தோறும் 300 மைல் ஓட்டுவேன், பிளாட்ஹெட் தெரிந்த மெஷினிஸ்ட் பக்கத்தில் இல்லை என்பவருக்கு நானே 283-ஐத்தான் சொல்வேன்.

ஆனால் இந்த எஞ்சின் தனியாக வராது, தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகடு இடிக்கும். பழைய ஃபோர்டின் 6 வோல்ட்டை விட்டு 12 வோல்ட்டுக்குப் போக வேண்டும். பழைய ஃபோர்டு கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் வேண்டும். சேர்த்தாலும், காலை அழுத்திக் கிளப்பினால் கியர் பல் உடையும், பின் ஆக்சிலும் நீடிக்காது. பிறகு அவற்றையும் மாற்றுவீர்கள். ஒன்றை மாற்ற இன்னொன்று என்று போய், மாடல் ஏ-யில் தொடங்கியது வேறெங்கோ போய் நிற்கும்.

இன்னொன்று. இன்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 350. அது 1967-ல் வந்த எஞ்சின். 1957 ரோட்ஸ்டர் என்று சொல்லிவிட்டு அதை வைக்க முடியாது. 1957 வரையிலான பிளாக்குகளுக்குப் பக்கவாட்டில் மவுண்ட் கிடையாது, முன்பக்கம்தான் தாங்க வேண்டும். விவரம் தெரிந்தவர் குனிந்து முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

நாங்கள் 1951 என்று முடிவு செய்தோம். ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு, முறுக்கேற்றிய பிளாட்ஹெட்டின் திறன் நிறையவே போதும்.

சேசிஸ்: ஏ-யா, 32-ஆ?

மாடல் ஏ சேசிஸ் 103.5 அங்குல வீல்பேஸ். மெல்லிய தகட்டில் மடித்த ஏணி மாதிரி, 40 குதிரைத்திறனுக்குச் செய்தது. அதில் வி8 வைத்தால் முறுகும். உள்பக்கம் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டி போல மூட வேண்டும், குறுக்குச் சட்டங்களும் மாற்ற வேண்டும். 1932 சேசிஸ் 106 அங்குலம், வி8-ஐயும் தாங்கச் செய்தது. அதன் பக்கவாட்டில் நீளமாக ஓடும் அழுத்துக்கோடு பாடியின் கீழ்விளிம்பு போலவே தெரியும். ஃபெண்டர் இல்லாதபோது அந்த ஒரு கோடே காருக்கு முழுமை கொடுத்துவிடும். 1932 ஃபோர்டை எல்லாரும் துரத்துவதற்கு அந்தக் கோடு பெரிய காரணம்.

மாடல் ஏ பாடியை 32 சேசிஸ் மேல் வைப்பதும் பழைய வழக்கம்தான். அதற்குப் பாடியின் அடியில் வெட்டி ஒட்ட வேண்டும். அசல் 32 சட்டங்கள் கிடைத்தாலும் விலை கைக்கு எட்டாது, புதிதாக அழுத்திச் செய்தவை தாராளமாகக் கிடைக்கின்றன. எங்களுக்கு ஆசை 32 மேல். கையில் இருந்தது ஏ. 1951-ல் அந்தப் பையனும் கையில் இருந்ததைத்தான் வலுப்படுத்தியிருப்பான் என்று ஏ-யையே எடுத்துக்கொண்டோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பழைய ஏ-யில் பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், உங்கள் முழங்காலுக்கு மேலேயே இருக்கும். பெட்ரோல் தன் எடையால் கீழே இறங்கட்டும் என்ற ஏற்பாடு அது. அதைக் காலியாகவே விட்டுவிட்டுப் பின்னால் ஒரு டேங்க் வையுங்கள்.

பாடி

அசல் தகடு, புதிதாகச் செய்த தகடு, ஃபைபர்கிளாஸ். ஃபைபர்கிளாஸ் மலிவு, துருவே பிடிக்காது. ஆனாலும் எனக்கு வேண்டாம். கதவை மூடும் சத்தம் கேட்டவுடனே அது வேறு பொருள் என்று தெரிந்துவிடும். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஒஹாயோவின் புரூக்வில் ஊரில் மாடல் ஏ, 1932 ரோட்ஸ்டர் பாடிகளை இன்றும் தகட்டில் அழுத்திச் செய்கிறார்கள். எங்கள் பாடியில் கதவின் கீழ்ப்பகுதியும் அடிச்சட்டமும் துருவில் உதிர்ந்து போயிருந்தன. டிங்கர் வேலைக்கு ஆகும் மாதங்களைக் கணக்குப் போட்டால் புதிய பாடி லாபம் என்றுதான் வந்தது. ஆனால் பெரியவர் வெட்டி ஒட்டுவதில் தேர்ந்தவர், அடிச்சட்டத்தை மட்டும் புதிதாக வாங்கி அசலையே காப்பாற்றினோம். அப்படி ஒரு கை உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் புதிய தகட்டுப் பாடி வாங்குங்கள். துருவின் மேல் பட்டி பூசி மறைத்த அசலை மட்டும் வாங்காதீர்கள்.

கியர்பாக்ஸ், பிரேக்

கியர்பாக்ஸில் பெரிய விவாதம் இல்லை. 1939 ஃபோர்டின் மூன்று கியர் பெட்டி, தரையில் ஷிஃப்டர். அடுத்த ஆண்டே ஃபோர்டு ஷிஃப்டரை ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றிவிட்டது. அதனால்தான் இந்தப் பெட்டிக்கு இத்தனை மதிப்பு.

பிரேக்கில் மட்டும் நாங்கள் ஆண்டை மீறினோம். மாடல் ஏ-யின் பிரேக் கம்பிகளால் இழுபடும் மெக்கானிக்கல் வகை. வி8 வைத்த காருக்கு அது ஆபத்து, 1951-ன் பையனும் அதை விட்டிருக்க மாட்டான். ஃபோர்டு 1939-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு (திரவ அழுத்தத்தால் பிடிப்பது) மாறியது. 1939-48 டிரம்கள் மாடல் ஏ-க்கு எளிதாகப் பொருந்தும், அவையே எங்கள் காரிலும். 1940களின் லிங்கன் டிரம்கள் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தேடிக் கிடைக்கவில்லை. இதுவரை எல்லாம் 1951 தான்.

ஆனால் அந்தக் கால மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஒரு குழாய் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1960களின் பிற்பகுதியில் பொதுவான இரட்டை அறைச் சிலிண்டரில் முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். பெரியவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, இரட்டை அறைதான் என்றார். பெடலுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்தின் உள்பக்கம் அதைப் பொருத்தினோம். தரைப்பலகையைத் தூக்கினால்தான் கண்ணில் படும்.