மின்சார வேனுக்குப் பின்னால் எந்த டிரெய்லர்: உயரமான பெட்டியா, தாழ்வான திறந்த வகையா?

இரண்டையும் ஒரே வேனில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். தச்சு வேலை என் தொழில். கருவிகள் வேனுக்குள் இருக்கும். பலகைகளும் செய்து முடித்த அலமாரிகளும் டிரெய்லரில் போகும். டீசல் வேன் வைத்திருந்த காலம் முழுக்க நான்கு பக்கமும் மூடிய உயரமான பெட்டி டிரெய்லர்தான். மின்சார வேனுக்கு மாறிய பிறகும் ஐந்து மாதம் அதையே இழுத்தேன். பிறகு அதைக் கொடுத்துவிட்டு, இடுப்பளவு உயரத்தில் தார்ப்பாய் போர்த்திய தாழ்வான டிரெய்லரை வாங்கினேன். மின்சார வேனுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

பெட்டியின் நன்மைகள் கண்ணுக்குத் தெரிபவை. மழை உள்ளே வராது, பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், அலமாரியை நிமிர்த்தி வைத்தே ஏற்றலாம். தாழ்வானதில் ஏற்றி இறக்குவது எளிது, விலையும் குறைவு. இவை எந்த வேனுக்கும் பொதுவானவை.

எடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மின்சார வேன்களுக்கு அனுமதிக்கப்பட்ட இழுவை எடை பெரும்பாலும் குறைவு. பியூஜோ இ-எக்ஸ்பர்ட் போன்ற நடுத்தர வேன்களில், பிரேக் உள்ள டிரெய்லருக்கே ஒரு டன்தான் வரம்பு. அதே வேனின் டீசல் வகைகளில் சில இரண்டு டன்னுக்கு மேல் இழுக்கும். அந்த ஒரு டன்னில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். என் பழைய பெட்டி காலியாக இருக்கும்போதே 400 கிலோ. மிச்சம் 600 கிலோதான் சரக்குக்கு. தாழ்வானது 250 கிலோ. 150 கிலோ வித்தியாசம் என்றால் தடித்த பிளைவுட் பலகைகள் நாலைந்து கூடுதலாக ஏற்றலாம்.

ஆனாலும் என்னை மாற வைத்தது எடையல்ல, காற்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் என் வேன் தனியாக ஓடினால் 100 கிலோமீட்டருக்கு 24 யூனிட் செலவாகிறது. தாழ்வான டிரெய்லரைச் சரக்கோடு மாட்டினால் 31. பெட்டியை மாட்டினால் 43. பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 75 யூனிட் என்பதால், தனியாக 310 கிலோமீட்டர் ஓடும் வேன் தாழ்வானதோடு 240, பெட்டியோடு 175 கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. பேட்டரியை அடிவரை காலி செய்து யாரும் ஓட்டுவதில்லை. பத்து சதவீதத்தைக் கையிருப்பாக வைத்தால் பெட்டியோடு ஏறக்குறைய 155 கிலோமீட்டர்தான்.

பாரம்தான் மின்சாரத்தைத் தின்கிறது என்று முதலில் நானும் நினைத்தேன். ஒருமுறை பெட்டியில் சரக்கு எதுவும் இல்லாமல் திரும்பியபோது திரையைப் பார்த்தேன்: 40 யூனிட். அரை டன்னுக்கு மேல் இறக்கியும் மிச்சமானது மூன்றே யூனிட்தான். கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு டன் எடையை 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்புகளையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு யூனிட் போதும். இறக்கத்தில் அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பியும் வரும். காற்றோடு மோதிச் செலவழித்தது திரும்பாது. வேனின் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியின் தட்டையான முகம் வழியெல்லாம் காற்றை இடித்துத் தள்ளுகிறது. தாழ்வானதோ வேனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறது. தார்ப்பாயை இழுத்துக் கட்டாமல் படபடக்க விட்டால் மட்டும் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி போய்விடும்.

டீசலில் இது ஏன் உறைக்கவில்லை? ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 70 லிட்டர் டேங்க் என்றால் 700 யூனிட். அதில் பெரும்பகுதியை எஞ்சின் வெப்பமாக வீணாக்கினாலும் கையிருப்பு பெரிது. தீர்ந்தால் ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். மின்சார வேனில் கையிருப்பு சிறியது, வீணாவது மிகக் குறைவு. அதனால் காற்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் கணக்கில் தெரிகிறது.

பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் வேகத்தைக் குறைக்கலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 90-லிருந்து 80-க்கு இறங்கினாலே ஐந்தில் ஒரு பங்கு எதிர்ப்பு குறையும்.

தூரம் குறைந்தால் சார்ஜ் நிறுத்தம் கூடும். டிரெய்லரோடு சார்ஜ் ஏற்றுவது எத்தனை பெரிய வேலை என்பது இழுத்தவருக்குத்தான் தெரியும். பெரும்பாலான சார்ஜிங் இடங்கள் கார் நிறுத்தும் அளவுக்கே அமைந்தவை. நேராக நுழைந்து நேராக வெளியேற வழியிருக்காது. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, விளக்கு இணைப்பைப் பிடுங்கி, பாதுகாப்புக் கம்பியைக் கழற்றி, டிரெய்லரின் சிறிய முன்சக்கரத்தை இறக்கிச் சுற்றிச் சுற்றி உயர்த்திக் கொக்கியை விடுவிக்க வேண்டும். சார்ஜ் ஆனதும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். மழையில் ஒரு மாலை, கை வழுக்க வழுக்க, பெட்டியை இரண்டாவது முறையாகக் கழற்றியபோதுதான் விற்கும் முடிவுக்கு வந்தேன். 200 கிலோமீட்டர் பயணத்தில் பெட்டிக்கு ஒரு நிறுத்தமாவது தேவைப்பட்டது. தாழ்வானதோடு ஒரே மூச்சில் போய்விடுகிறேன். கழற்ற நேர்ந்தாலும் தனியாளாகக் கையால் தள்ளி ஓரம் கட்டிவிட முடிகிறது.

தாழ்வானதில் குறைகள் உண்டு. காலியாக இழுக்கும்போது கண்ணாடியில் தெரியவே தெரியாது. பின்னால் எடுக்கையில் மடங்கிவிட்டதா என்று இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாலிஷ் போட்ட அலமாரியைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்து, அதன்மேல் தார்ப்பாய் கட்டுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். ஒருமுறை ஓரத்தில் நீர் புகுந்து ஒரு கதவின் விளிம்பு உப்பிவிட்டது.

மலைப்பாதையில் நான் மூன்று முறைதான் இழுத்திருக்கிறேன், அதுவும் தாழ்வானதை மட்டும். அதனால் இதை ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைவதைக் கொக்கி உணர்ந்து தானே அழுத்தும் பிரேக் உள்ள டிரெய்லரில், வேனின் மின்பிரேக்கை (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் வசதி) வலுவான நிலையில் வைத்தால் டிரெய்லரின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிறது. பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி பிரேக் கட்டையில் சூடாகப் போகிறது. மிதமான நிலையில் வைத்தபோது டிரெய்லர் இடிக்காமல் வந்தது. பலத்த பக்கக்காற்றில் இரண்டையும் ஒப்பிடும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

போய்வர மொத்தம் 100 கிலோமீட்டருக்குள் வேலை முடிந்து, இரவில் பட்டறையிலேயே சார்ஜ் ஏற்றுபவர் என்றால் பெட்டியை விற்க வேண்டியதில்லை. அந்தத் தூரத்துக்கு வேண்டிய 43 யூனிட் பேட்டரியில் இருக்கும், சரக்கும் நனையாது.