நாகர்கோவிலில் ஒரு நீட் ரிப்பீட்டர் வகுப்பு: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ தேறியும் நீட் தேர்வில் மதிப்பெண் எடுக்க முடியாத பிள்ளைகளுக்கென நாகர்கோவிலில் நடக்கும் ஓராண்டு ரிப்பீட்டர் வகுப்புகளில் ஒன்றில் எங்கள் மகள் படித்தாள். தக்கலைப் பக்கத்திலிருந்து பேருந்தில் போய்வந்தாள். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல, மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் விசாரித்த மற்ற இடங்களிலும் கண்டவைதான். உயிரியலுக்கும் தேர்வுப் பழக்கத்துக்கும் நாங்கள் கட்டிய பணம் தகும். இயற்பியலில் அடித்தளமே இல்லாத பிள்ளைக்கு இந்த வகுப்பு மட்டும் போதாது.

சேர்க்கை நாளன்று அலுவலகத்தில் தெளிவாகச் சொன்ன ஒரு செய்தி எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 2016 வரை தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் இடம் கிடைப்பதைப் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து கணக்கிட்ட 200-க்கான கட்-ஆஃப் முடிவு செய்தது. இன்றும் எங்கள் உறவினர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். இப்போது பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டுமே. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 40 விழுக்காடும் இருந்தால் போதும். தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண்ணைப் பொறுத்தது. பள்ளிச் சான்றிதழைப் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, சரிசெய்ய வேண்டியது எது என்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது.

இவ்வகுப்பின் பலம் உயிரியல். 720 மதிப்பெண்ணில் 360 அதற்கே உரியது என்பதாலும், இருவர் சமமாக வந்தால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணையே ஒப்பிடுவார்கள் என்பதாலும், என்சிஇஆர்டி என்னும் மத்திய அரசுப் பாடநூல்களை வரி விடாமல், படங்களின் கீழே உள்ள சிறு குறிப்புகள் உட்பட நடத்தினார்கள். அதைவிடப் பயன் தந்தது, தவறுகளுக்கென்றே ஒதுக்கிய ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தவறிய வினாவை எழுதி, அதன் எதிரே 'தெரியாது', 'சரியாக வாசிக்கவில்லை', 'கணக்கில் பிசகு' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மகளின் ஏட்டைப் புரட்டியபோது, உயிரியலில் 'சரியாக வாசிக்கவில்லை' என்பதே பக்கம் பக்கமாக இருந்தது. 'தவறான கூற்று எது' என்று கேட்ட வினாவில் முதலில் கண்ணில்பட்ட சரியான கூற்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் மாறாத இந்தப் பழக்கம், அந்த ஏட்டை எழுதத் தொடங்கிய சில வாரங்களில் மாறியது.

இயற்பியலின் கதை வேறு. ஆசிரியர் நல்லவர், பொறுமையானவர். "மக்களே, ஆப்ஷனைப் பாக்காத, முதல்ல படத்த வரை" என்று ஒவ்வொரு மேசையாகச் சென்று சொல்வார். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில், பதினோராம் வகுப்பின் வெக்டரையும் அடிப்படைக் கணிதத்தையும் ஜூன் மாதத்திலேயே ஓட்டி முடித்துவிட்டார்கள். சாய்தளத்தில் வைத்த பொருளின் எடையைப் பிரிக்கும்போது, தளத்தின் வழியே இறங்கும் கூறுக்கு ஏன் சைன், தளத்துக்குச் செங்குத்தான கூறுக்கு ஏன் காஸ் என்பது மகளுக்கு நவம்பர் வரை விளங்கவில்லை. மனப்பாடமாக வைத்திருந்ததை மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது தெரியாதா? சைனும் காஸும் மாறினால் வரும் விடையையும் நான்கு தெரிவுகளில் ஒன்றாக வைத்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக் குறிப்பவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பாவது உண்டு. அரைகுறையாகக் கணக்கிட்டவர் நேராகப் போய் அந்தப் பொறியில் விழுகிறார். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும். ஒரு மாதிரித் தேர்வில் இயற்பியலின் 45 வினாக்களையும் எழுதி, 20 சரி, 25 தவறு என்று 55 மதிப்பெண் வாங்கினாள். அந்தத் தவறுகளில் இருபதைத் தொடாமல் விட்டிருந்தால் 75 வந்திருக்கும். பின்னர் வீட்டருகே உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் மாலை நேரத்தில் வெக்டரும் திரிகோணமிதியும் முதலிலிருந்து படித்த பிறகே நிலைமை தேறியது. அந்தச் செலவு கட்டணத்துக்கு வெளியே போனது. தொடக்கத்தில் 270-ஐ ஒட்டி இருந்த முழுத்தேர்வு மதிப்பெண் பிப்ரவரியில் 450-ஐத் தாண்டியது. உயர்வின் பெரும்பகுதி உயிரியலும் வேதியியலும் தந்தது.

மாதிரித் தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தன. ஆலயத்துக்குப் போகிற குடும்பங்கள் மிகுந்த இந்த மாவட்டத்தில் அது எத்தனை வீடுகளில் முணுமுணுப்பைக் கிளப்பியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலை நேரம் பொருந்தாததற்கு அதைவிட முக்கியமான காரணம், உண்மையான தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது என்பது. மதிய உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் மூளையைக் கூர்மையாக வைத்திருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பெற்றோர் கேட்டுக்கொண்ட பிறகு, கடைசி இரண்டு மாதங்கள் தேர்வுகளைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். அந்த அளவுக்குக் காதுகொடுத்ததைப் பாராட்ட வேண்டும். நீட் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும்போது, இவர்களின் மாதிரித் தாள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது தமிழ்வழி மாணவர்களுக்கு அநீதி.

விளம்பரத் துண்டறிக்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பற்றிக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மருத்துவ இடங்களில் 2020-இல் வந்த அந்த ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. குமரி மாவட்டத்தில் நிறைந்திருக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அது பொருந்தாது என்பதைத் துண்டறிக்கை சொல்லவில்லை. அதை நம்பிச் சேர்ந்த பெற்றோரைக் காத்திருப்பு அறையில் சந்தித்திருக்கிறேன்.

கழிப்பறைச் சுத்தமும் குடிநீரும் குறை சொல்ல இடமில்லாதவை. நூலகம் என்று காட்டப்படுவது ஒரு அலமாரி.

அடுத்த அணியில் சேர்க்க நினைப்பவர்கள், பிள்ளையின் சென்ற ஆண்டு மதிப்பெண்ணைப் பாடவாரியாகப் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். உயிரியலில் மட்டும் சறுக்கியிருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். இயற்பியல்தான் சிக்கல் என்றால், பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கால அட்டவணையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதல் தவணையைக் கட்டுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்க வேண்டாம்.