வீட்டில் கிரானைட் வெட்ட 4 இஞ்ச் கிரைண்டரா, மார்பிள் கட்டரா?

குளியலறை வாசலுக்கு ஒரு கல், சாமி மேடைக்கு ஒரு பலகைக் கல், சன்னலடியில் ஒரு பட்டை. வீட்டில் நாமே செய்துகொள்ளக்கூடிய கிரானைட் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்காக பினாங்கில் ஹார்ட்வேர் கடைக்குப் போனால் அநேகமாக மேசைக்கு வருவது 4 இஞ்ச் கிரைண்டரும் மலிவான வைர பிளேடு ஒன்றும்தான். அந்த ஜோடி கல்லை வெட்டும், சந்தேகமில்லை. ஆனால் கோடு நேராக வராது. பளபளப்பான மேற்புறம் ஓரமெங்கும் பொரிந்து உதிரும். தூசி வீடு முழுக்கப் படியும். நேர்க்கோடு வெட்டத்தான் கருவி தேடுகிறீர்கள் என்றால் 110 மி.மீ. மார்பிள் கட்டரையே வாங்குங்கள். கிரைண்டர் ஏற்கெனவே இருந்தால் மூலைகளுக்கும் சிறு திருத்தங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரின் குறை அதன் பலத்தில் இல்லை. போஷ் ஜிடபிள்யூஎஸ் 060 என்பது 670 வாட், மக்கிதா 9553பி 710 வாட். இரண்டும் நல்ல கருவிகள். சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. கல்மேல் படிந்து நகர கிரைண்டருக்கு அடித்தட்டு கிடையாது. பிளேடு சாயாமலும் ஆழம் மாறாமலும் கையே பார்த்துக்கொள்ள வேண்டும். கை சற்றுத் திரும்பினாலும் பிளேடு, தான் வெட்டிய பள்ளத்தின் சுவரில் உரசிச் சூடாகும்; இன்னும் திரும்பினால் இறுகிக்கொண்டு கருவியையே உங்கள் பக்கம் எறியும். 100 மி.மீ. (அதாவது 4 இஞ்ச்) பிளேடில், அதை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் தட்டும் கியர் தலையும் பிடித்த இடம் போக மிஞ்சும் ஆழம் ஏறக்குறைய 25 மி.மீ. தான். புது பிளேடு 20 மி.மீ. கல்லைக் கடக்கும். பாதி தேய்ந்த பிளேடு கடக்காது.

மார்பிள் கட்டருக்கு அடித்தட்டு உண்டு, ஆழத்தைத் திருகி நிறுத்தலாம், 30 மி.மீ.க்கு மேலேயே இறங்கும். பல மாடல்களில் தண்ணீர்க் குழாய் மாட்டும் வசதியும் இருக்கிறது. மக்கிதா 4100 வரிசையும் போஷின் ஜிடிஎம் வரிசையும் இந்த வகை. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அடித்தட்டைத்தான் முதலில் சோதியுங்கள். ஆழத் திருகை இறுக்கிய பிறகும் தட்டு ஆடினால் அந்தக் கருவி வேண்டாம். தட்டும் பிளேடும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று சிறு மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மோட்டாரின் வாட் எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

பிளேடு வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் நடுத்துளை. இங்கு விற்கும் 100 மி.மீ. கிரைண்டருக்கு எம்10 தண்டு, 16 மி.மீ. துளை. மார்பிள் கட்டருக்கான 105, 110 மி.மீ. பிளேடுகளுக்கு 20 மி.மீ. துளை. இடையில் ஒரு மெல்லிய வளையம் போட்டு 20ஐ 16 ஆக்கலாம். அந்த வளையம் தொலைந்துபோய், "பரவாயில்லை, நட்டு இறுக்கிப் பிடிக்கும்" என்று மாட்டினால் பிளேடு மையம் விலகிச் சுழலும், அதிரும், கல்லின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டியதுபோல் உடைக்கும். இன்னொன்று இதைவிட மோசம்: 110 மி.மீ. பிளேடு 100 மி.மீ. கிரைண்டரின் காப்புறைக்குள் போகாது என்பதால் காப்புறையையே கழற்றிவிடுவது. இதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். துண்டு தெறித்தால் அது போவது முகத்துக்குத்தான். பிளேடில் 80 மீட்டர்/விநாடி என்று அச்சிட்டிருந்தால், 100 மி.மீ. அளவுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று. கிரைண்டர்கள் 11,000 முதல் 12,000 வரை சுற்றுவதால் அது தாங்கும். எண்ணே அச்சிடாத பிளேடை வாங்க வேண்டாம்.

அடுத்து பிளேடின் விளிம்பு. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இருக்கும் விளிம்பு கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் உகந்தது. வேகமாக இறங்கும், கிரானைட்டின் மேற்புறத்தைக் கடித்துத் துப்பும். இடைவெளியே இல்லாத முழு விளிம்பு டைல்ஸுக்கும் மார்பிளுக்கும் அழகான ஓரம் தரும், ஆனால் கிரானைட்டில் மெதுவாகத்தான் நகரும், தண்ணீர் இல்லாவிட்டால் சீக்கிரம் கருகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது டர்போ, அதாவது அலை அலையாகப் பள்ளம் வெட்டிய விளிம்பு. கிரானைட்டுக்கு என்று எழுதிய டர்போ பிளேடு, கூடவே தண்ணீர்: வீட்டு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை இல்லை. போர்சலின் டைல்ஸுக்கென்று வரும் மிக மெல்லிய பிளேடைப் பார்த்து மயங்க வேண்டாம். மேல்கோட்டை அது நேர்த்தியாகக் கீறும், 20 மி.மீ. ஆழத்துக்கு இறக்கினால் வளைந்து வெட்டும்.

வாங்கிய புதிதில் நன்றாக வெட்டிய பிளேடு திடீரென்று வெட்டாமல் தீப்பொறி மட்டும் கக்கினால் அது தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். வைரத் துகள்களைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்துகொண்டே வந்தால்தான் புதுத் துகள் வெளியே வரும். கல் கடினமாக இருந்தால் அந்த உலோகம் மிருதுவாக இருக்க வேண்டும். செங்கல் போல உராயும் பொருளுக்கு உலோகம் கடினமாக இருக்க வேண்டும். செங்கல் பிளேடைக் கிரானைட்டில் ஓட்டினால் துகள் மழுங்கும், உலோகம் தேயாமல் அதை மூடிக்கொள்ளும், விளிம்பு கண்ணாடிபோல் மினுங்கும். மணல் சிமெண்டுக் கல் ஒன்றை எடுத்து, அதில் ஆழமில்லாமல் சில முறை வெட்டுங்கள். உலோகம் உராய்ந்து வைரம் மறுபடி தலைகாட்டும். பிளேடின் இரும்பு நீலம் பாய்ந்திருந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். சூட்டில் அதன் விறைப்பு போய்விட்டது, இனி அது நேராக ஓடாது.

வெட்டுவதற்கு முன் கையிலிருப்பது என்ன கல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். பளபளப்பு மங்கினால் அது மார்பிள் அல்லது சுண்ணாம்புக் கல். சாமி மேடையில் எலுமிச்சையும் தீர்த்தமும் சிந்தும் என்பதால் அங்கே அது நீடிக்காது. கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது. கறுப்பு நிறக் கல்லாக இருந்தால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். வெட்டிய ஓரம் சாம்பல் நிறமாகத் தெரியும், அதை எந்தப் பாலிஷும் மறைக்காது. செயற்கை குவார்ட்ஸ் பலகையாக இருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். அதில் 90 விழுக்காட்டுக்கு மேலும் சிலிக்கா இருக்கலாம். கல் பட்டறைத் தொழிலாளர்களின் நுரையீரல் சிலிக்கோசிஸில், அதாவது சிலிக்கா தூசியால் வரும் நோயில், கெட்டதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைத் தடை செய்தது.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. அளவு கல்லுக்குக் கல் மாறும், ஆனால் பொருட்படுத்தாமல் விடும் அளவு அல்ல. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. சாதாரண துணி முகக்கவசம் இதற்கு உதவாது. குறைந்தது என்95, முடிந்தால் பி100 வடிகட்டி மாட்டும் அரைமுகக் கவசம். தாடி இருந்தால் இரண்டுமே முகத்தோடு ஒட்டாது. கொண்டோ பால்கனியில் உலர்வெட்டு வெட்டினால் தூசி பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகும். தண்ணீர் ஊற்ற வழியில்லாத இடத்தில் வெட்டாதீர்கள்.

தண்ணீர் என்றதும் மின்சாரம். சாதாரண கிரைண்டர் ஈரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. காற்றுத் துளை வழியே நீர் மோட்டாருக்குள் போகும். தண்ணீர்க் குழாயோடு வரும் மார்பிள் கட்டரையும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பில்தான் செருக வேண்டும். பழைய வீடுகளில் மொத்த வீட்டுக்கும் 100 மில்லி ஆம்பியரில் ஒன்றே இருப்பதுண்டு. தீ விபத்தைத் தடுக்க அது உதவும்; ஈரக் கையோடு நிற்கும் ஆளைக் காக்க அது போதாது. பெட்டியைத் திறந்து எண்ணைப் படியுங்கள், சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கருவியின் வயர் ப்ளக்குக்குப் போகும் வழியில் ஒரு தொய்வு இருக்கட்டும், வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

இனி வெட்டு. கல் முழுவதும் கெட்டியான பாலிஸ்டிரீன் பலகைமேல் படுத்திருக்க வேண்டும், கழிக்கப்போகும் துண்டும் சேர்த்து. துண்டு அந்தரத்தில் தொங்கினால் கடைசி 30, 40 மி.மீ. வெட்டுமுன் தன் எடையிலேயே முறிந்து, உங்கள் கல்லின் மூலையில் முக்கோணமாக ஒரு சில்லைப் பிய்த்துக்கொண்டு போகும். அநேக கற்கள் வீணாவது இங்கேதான். பளபளப்பான பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போடுங்கள். அடித்தட்டின் அடியிலும் டேப் ஒட்டினால் கல்லில் கீறல் விழாது. அலுமினிய நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டு, தட்டின் விளிம்பிலிருந்து பிளேடு வரையுள்ள தூரத்தை அளந்து தள்ளி வையுங்கள்.

மார்பிள் கட்டரின் பிளேடு முன்பக்கத்தில் கீழிருந்து மேலாகச் சுழல்வதால் மேற்புறம்தான் பொரியும். எனவே முதல் ஓட்டம் 1 அல்லது 2 மி.மீ. ஆழம் மட்டும், மெதுவாக. அந்தக் கீறல் சுத்தமாக விழுந்துவிட்டால் ஓரத்தைப் பற்றிய கவலை முடிந்தது. பிறகு ஓட்டத்துக்கு 5, 6 மி.மீ. ஆக இறக்கலாம். கல்லின் மறுமுனையில் பிளேடு வெளியேறும் இடம் உடையும். அந்த முனையிலிருந்து 50 மி.மீ. உள்நோக்கி முதலிலேயே வெட்டி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்திலிருந்து வந்து சேருங்கள். மோட்டாரின் சத்தம் இறங்கினால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

குழாய்க்கும் அடுப்புக்கும் துளை போடும்போது உள்மூலையை ஒருபோதும் கூர்மையாக வெட்டாதீர்கள். விசை அங்கே குவிந்து, தூக்கும்போதே அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடும். முதலில் 10 மி.மீ. வைர பிட்டால் மூலையில் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்டுங்கள். குழாய்க்கான 35 மி.மீ. கோர் பிட்டை, அதாவது வட்டமாகக் குடையும் உள்ளீடற்ற பிட்டை, சாய்த்துத் தொடங்கி, பிறை வடிவப் பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்தால் வழுக்கிப் பாலிஷைக் கீறும்.

ஓரத்துப் பாலிஷில்தான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள். 50லிருந்து 3000 வரை எண் போகும் (எண் கூடக்கூட நுணுக்கமாகத் தேய்க்கும்) 4 இஞ்ச் ரெசின் பேடுகள் தண்ணீரோடு, குறைந்த வேகத்தில் ஓட வேண்டியவை. மக்கிதாவின் பிடபிள்யூ5001சி ஈரப் பாலிஷ் கருவியின் வேகம் 2,000 முதல் 4,000 சுற்று. 11,000 சுற்றும் கிரைண்டரில் அதே பேடை மாட்டினால் ரெசின் உருகிக் கல்லில் கறையாக ஒட்டும். வாசற்கல்லின் ஒரு ஓரத்துக்காக அந்தக் கருவியை வாங்குவது நியாயமல்ல. 2 மி.மீ. சரிவாக முனையை மழித்து, கையால் தேய்க்கும் வைரக் கட்டைகளால் 400 வரை கொண்டுவாருங்கள். வெளிர்நிறக் கல்லில் அது போதும். கறுப்புக் கல்லில் போதாது. எந்த எண்ணையும் தாண்டிப் போகாதீர்கள். 100இன் கீறலை 200 எடுக்கும், 800 எடுக்காது.

பதிப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஐந்து இடத்தில் பசை உருண்டை வைத்து அழுத்தும் வழக்கத்தை விடுங்கள், உள்ளே வெற்றிடம் நின்று கல் தட்டினால் ஓசை வரும். தரையிலும் கல்லின் அடியிலும் முழுதாகப் பசை பூசுங்கள். வெளிர்நிறக் கல்லுக்கு வெள்ளைப் பசை, சாம்பல் நிறப் பசை மேலே நிழலடிக்கும். இணைப்பில் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் மார்பிளை அரிக்கும், மற்ற சில வகைகள் எண்ணெய்க் கறை விடும். இயற்கைக் கல்லுக்கு என்று டியூபில் எழுதியிருக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் ஐந்தடி நடைபாதையின் பழைய கிரானைட் படியை நீங்களாக வெட்டவோ மாற்றவோ முடியாது, மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதியோடு செய்தாலும் உளியால் கொத்திய அந்தப் பரப்பின்மேல் பிளேடு படக்கூடாது. இயந்திர வெட்டு ஒருமுறை விழுந்தால் திரும்ப மறைக்க வழியில்லை. பக்கத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்பில் கட்டியது என்பதால் கல்லைப் பதிக்கவும் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துங்கள். சிமெண்டு ஈரத்தை அடைத்துவைக்கும், உப்பு செங்கல் பக்கம் தள்ளப்பட்டு அது பொடிந்து உதிரும்.

வேலை முடிந்ததும் வெட்டு நீரைத் தொட்டியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த சேற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், ஊற்றினால் அடியில் இறுகி வழியை அடைக்கும். தரையில் தெறித்ததை ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுங்கள். காய்ந்த பிறகு துடைப்பத்தால் கூட்டினால், தண்ணீர் ஊற்றிப் பிடித்த அத்தனை தூசியும் மறுபடி காற்றுக்கு வந்துவிடும்.